இவருக்குப் பதில் இவர்

பாட்டு முடிவதற்குள் காப்பியைக் கொடுத்துவிட வேண்டும். முடிந்த பிறகு நீட்டினால் உலகம்மாள் வாங்கமாட்டாள், கண் டிவியை விட்டு இறங்காது, காப்பி ஆறி ஆடை கட்டிப்போகும், ஆடை கட்டின காப்பி அவளுக்கு ஆகாது என்று நினைத்துக்கொண்டே கோமதிநாயகம் டம்ளரைத் துண்டில் பிடித்தபடி அடுப்படியிலிருந்து விரைந்து வந்தார். டிவியில் அந்தப் பெரிய குடும்பம் மாடிப்படியில் வரிசையாக நின்று சிரித்துக்கொண்டிருந்தது. ஏழரை மணி நாடகம். கோவில்பட்டியில் அதை யாரும் சீரியல் என்று சொல்வதில்லை, நாடகம்தான்; உலகம்மாள் அதற்கு வைத்திருந்த பேர் வெறும் 'ஏழரை'. "ஏழரை தொடங்கிருச்சி, என்னக் கூப்பிடாதீக" என்பாள் அவரிடம். அது அப்போது. இப்போது அவள் டம்ளரை வாங்கி ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், "சீனி கம்மியாத்தான போட்டீங்க?" என்றாள். போட்டீங்க. போட்டீக இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் மட்டும் வந்தீகளா, தின்னீகளா, என்ன சொல்லுதீக என்று பேசினவள். பால்காரர், டாக்டர், வரி வசூலிக்க வருகிறவர் எல்லோருக்கும் வந்தீங்களா, இருங்க, என்ன சொல்றீங்க. பிறந்த ஊர்ப் பேச்சு புருஷனுக்கு, ரேடியோப் பேச்சு ஊராருக்கு என்று பிரித்து வைத்திருந்தாள். இப்போது அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு 'ங்' வந்து உட்கார்ந்துவிட்டது. ஒற்றை எழுத்து, புள்ளி வைத்த எழுத்து, அதைத் தனியாக வைத்துக்கொண்டு ஒரு வார்த்தைகூட எழுத முடியாது, அது ஒரு மனுஷனை வீட்டுக்கு வெளியே நிறுத்திவிடுமா? நிறுத்திவிட்டதே. "கம்மியாத்தான் போட்டேன்" என்றார். "நல்லாருக்கு" என்றாள் அவள் மரியாதையாக, கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்க வந்தவரிடம் சொல்வதுபோல. நாடகம் முடிந்ததும் ஓசூரிலிருந்து மகள் மங்கை போன் போடுவாள், முகம் பார்த்துப் பேசுகிற போன், அதில் அம்மாவிடம் அவளே நேராகக் கேட்கப் போகிறாள். அதை நினைத்ததும் அவர் கையிலிருந்த துண்டை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

எல்லாம் அந்த இளமாறனால் வந்தது. நாடகத்தில் மூத்த மகன். அந்த வேஷம் போட்ட பையனுக்குச் சினிமாவில் வாய்ப்பு வந்ததோ, கம்பெனிக்காரர்களோடு தகராறோ, ஒருநாள் அவன் வெளியூர் போவதாகச் சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். மறுநாள் அதே பெட்டியோடு வேறொருத்தன் வாசல்படி ஏறினான், திரைக்குக் கீழே எழுத்து ஓடியது, இளமாறனாக இனி இவருக்குப் பதில் இவர். அம்மாக்காரி ஓடிவந்து கட்டிக்கொண்டு "வந்துட்டியாடா கண்ணு" என்று அழுதாள். பெண்டாட்டி ஆரத்தி எடுத்தாள். ஒருத்தி, ஒரே ஒருத்தியாவது, யாரடா நீ என்று கேட்க வேண்டுமே, கேட்கவில்லை. நாய்கூட வாலை ஆட்டியது. அன்றைக்குத்தான் இவர் மீசையை எடுத்திருந்தார். சாயம் பூசிப் பூசி மேலுதடெல்லாம் அரித்துத் தடித்துவிட்டது, சலூன்காரர் "எடுத்துருவோம் அண்ணாச்சி, பதினைஞ்சு நாளுல புதுசா வெள்ளையா கம்பீரமா வரும்" என்று சொல்லிச் சிரைத்துவிட்டார். மறுநாள் காலையில் பல் விளக்கிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தவரை உலகம்மாள் அடுப்படி வாசலில் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். "அவுகளுக்குப் பதில் நீங்களா?" என்றாள். அவர் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார், எந்நேரமும் கேலி பேசுகிறவள், அவருடைய அக்கா மாப்பிள்ளைக்குத் தலை நரைத்தபோது "வேஷம் மாறிட்டீங்களே அண்ணாச்சி, சம்பளம் கூடக் குடுத்தாகளா" என்று கேட்டவள். "ஆமா, நாந்தான். எப்படி இருக்கேன்?" என்று இவரும் ஒத்துப் பாடினார். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த ஒரு வார்த்தையில் அவள் முகம் தெளிந்துவிட்டது, தெரியாத ஒன்றுக்கு விடை கிடைத்துவிட்ட தெளிச்சி. "பரவால்ல. பழகிரும்" என்றாள்.

டிவியில் மாமியார்க்காரி கண்ணைக் கசக்கினாள். "இந்தா பாருங்க, இவளுக்கு மூக்குதான் செவக்கும், கண்ணு செவக்காது. கிளிசரின் கண்ணுக்குப் போடணும், மூக்குக்குப் போட்டா?" என்றாள் உலகம்மாள். அவர் தலையை ஆட்டினார். "சின்னவளா வாராளே, அவதான் நடிக்கத் தெரிஞ்சவ. வில்லிதான், ஆனா நல்ல பிள்ளை. கெட்டவளா நடிக்கவளுக்குத்தான் எப்பவும் நல்ல சேலை குடுப்பாக, கவனிச்சிருக்கீங்களா?" கவனித்ததில்லை என்றார். அவர் எங்கே கவனித்தார். மில்லில் ரெண்டாவது ஷிப்ட் முடிந்து பஞ்சுத் தூசியோடு வந்து உட்கார்ந்தால், சோற்றைப் போட்டுக்கொண்டே அன்றைக்கு நடந்த கதையை ஒன்றுவிடாமல் சொல்வாள், யார் யாரைக் கைநீட்டி அறைந்தார்கள், யாருக்குக் கர்ப்பம், எவன் நடிப்பு மட்டம், எவள் புதுசாக மூக்குத்தி போட்டிருக்கிறாள் என்று. அவர் ம் கொட்டுவார். நூல் நூற்கிற ஸ்பிண்டில் சத்தம் காதில் ஓடிக்கொண்டே இருக்கும், அதற்கு மேல் அவள் குரல் ஓடும், இரண்டும் சேர்ந்துதான் அவருக்குத் தூக்கம் வந்தது. கல்யாணமான புதுசில் கொட்டகைக்குப் போனாலும் இதே கதைதான், திரையில் எவனாவது தலைகாட்ட வேண்டியது, இவள் அவர் காதில், "இவன்தான போன படத்துல தபால்காரனா வந்தான்? அதுல செத்துப்போனான்லா?" என்பாள், முன்வரிசையிலிருந்து ஒருத்தர் திரும்பி, "யக்கா, செத்தவன எல்லாம் நீ எழுப்பி உக்கார வைக்க, நாங்க படம் பாக்க வேண்டாமா" என்று கும்பிட்டார். கொட்டகையே சிரித்தது. ஒரு முகத்தைப் பார்த்தால் போதும். மறக்கமாட்டாள். இதோ இப்போதும், டிவியில் ஒரு டாக்டர் ஸ்டெதஸ்கோப்போடு வந்து நின்றதும், "இவரு அந்த ஒன்பது மணி நாடகத்துல ரேசன் கடைக்காரரு. அதுல எடையில அடிச்சாரு, இதுல ஊசில அடிக்காரு" என்றாள். அவர் உற்றுப் பார்த்தார். அவள் சொன்னது சரி. அந்த ரேஷன் கடைக்காரர் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வசனம் பேசிவிட்டுப் போனவர். அவரைத் தெரிகிறது. அப்படியானால் தலைக்குள்ளே முகங்களை வைக்கிற இடம் நல்லாத்தான் இருக்கிறது, ஓட்டை எதுவும் இல்லை, அதிலிருந்து ஒரே ஒரு முகம் மட்டும் எப்படிக் கீழே விழும்? இத்தனை பேரும் உள்ளே இருக்க இவர் மட்டும் எப்படி? அவள் சொன்ன எதுவும் இதுவரை தப்பியதில்லையே. அப்படியானால் இதிலும் அவள் சொல்வதுதான் சரியோ? ஷோகேஸ் கண்ணாடியில் டிவி வெளிச்சம் நீலமும் மஞ்சளுமாக மாறி மாறி விழ, மீசையில்லாத ஒரு கிழவன் தெரிந்தான். மேலுதடு இத்தனை நீளமென்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை. வெள்ளை முளை முளைத்திருந்தது. முந்தாநாள் அதைப் பார்த்துவிட்டு அவள், "மேக்கப்காரரு கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு" என்றிருந்தாள்.

திருநெல்வேலி டாக்டர் கையெழுத்துப் போடுகிற பேனாவைத் திறந்து மூடிக்கொண்டே, மறதி நோய்தான், மெதுவாகத்தான் போகும், சண்டைபோட்டுத் திருத்தப் பார்க்காதீங்க, ஒத்துப்போங்க என்றார். ஒத்துப்போவதென்றால் எதுவரைக்கும்? ரசத்தில் ரெண்டு தடவை உப்புப் போட்டபோது ஒத்துப்போனார், தண்ணீர் ஊற்றிக் குடித்தார். செத்துப்போன தங்கச்சிக்குச் சேலை எடுக்க வேண்டும் என்றபோது எடுப்போம் என்றார். இது எந்தக் கணக்கில் சேரும்? போன புதன்கிழமை விளக்கை அணைத்துவிட்டு அவர் வழக்கம்போலக் கட்டிலில் போய்ப் படுக்க, அவள் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு, "இது நல்லாருக்கா? நீங்க பெரிய மனுஷன்தான? வேஷத்துக்கு வந்தா வேஷத்தோட நிக்கணும்" என்று சத்தம்போட்டாள். பயம், நிஜமான பயம், கழுத்துத் தாலியைக் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு. அவர் கட்டின தாலியை அவரிடமிருந்து காப்பாற்றிக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டு அம்மா ஓடிவந்துவிட்டாள், அவள் மங்கைக்குப் போன் போட்டுவிட்டாள். அன்றைக்கிருந்து இவர் ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறார். மங்கை அழுதாள், பிறகு அழுகையை நிறுத்திவிட்டு அவளுடைய ஆபீஸ் குரலில் பேசினாள். "யப்பா, பயத்துல அம்மா ரோட்டுல எறங்கி ஓடிட்டா என்ன செய்வீங்க? இங்க ஒரு இல்லம் இருக்கு, பொம்பளைங்க மட்டும் இருக்கது, நல்லாப் பாத்துக்கிடுவாங்க. வெள்ளிக்கிழமை நானே அம்மாகிட்ட கேக்கேன். பக்கத்துல இருக்கது யாருன்னு கேக்கேன். அப்பான்னு சொல்லிட்டா சரி, உங்ககூடவே இருக்கட்டும். சொல்லலன்னா ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வந்துருவேன். நீங்க தடுக்கக் கூடாது." பெண்கள் மட்டும் இருக்கிற இடம். இவர் வாரத்துக்கு ஒருநாள் பார்வையாளர் நேரத்தில் போய்ப் பெஞ்சில் உட்காரலாம். யார் வந்திருக்கிறது என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

விளம்பரம் வந்தது. பாலைச் சுடவைத்து மாத்திரையை எடுத்து வரலாம் என்று அடுப்படிக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தார். தீக்குச்சி உரசின சத்தத்துக்குப் பின்னாலேயே ஹாலிலிருந்து குரல் வந்தது, "வந்துட்டீகளா?" அவர் கை அப்படியே நின்றது. வந்துட்டீகளா. குச்சி விரல்வரைக்கும் எரிந்து சுட்டது. "வந்துட்டேன்" என்றார், சுவரைப் பார்த்து. "சத்தமே காணமேன்னு பாத்தேன். எங்க போயிருந்தீக? மில்லுலயா?" என்றாள். "ஆமா, மில்லுலதான்." "நல்ல ஆளு. இங்க உங்களுக்குப் பதில் ஒருத்தரைப் போட்டுருக்காக, தெரியுமா?" பால் ஓரத்தில் நுரைக்கத் தொடங்கியது. குரல் மட்டும் போதுமாயிருக்கிறது. முகம்தான் குறுக்கே நிற்கிறது. எந்த நாடகத்திலும் ஆளை மாற்றுவார்கள், பின்னாலிருந்து குரல் கொடுக்கிறவரை மாற்றமாட்டார்கள், புது முகத்துக்குப் பழைய குரல் என்று அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், இவர் ம் கொட்டியிருக்கிறார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆளு எப்படி?" என்று கேட்டார். கேட்ட பிறகு எதற்குக் கேட்டோம் என்று இருந்தது. "தங்கமான மனுஷன்தான். காப்பி நல்லாப் போடுதாரு. ஆனா முழி இருக்கே, களவாங்க வந்து மாட்டிக்கிட்டவன் மாதிரி முழிக்காரு. நடை அப்படியே உங்க நடை, பாத்துப் பாத்துப் படிச்சிருப்பாரு போல." "என்னையவிட நல்லா நடிக்கானா?" சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "கோவமே வரமாட்டேங்கு அவருக்கு. அதுல நீங்க தோத்தீக." அவர் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது பொங்கி வழிந்து அடுப்பை நனைத்தது. தன்னையே தனக்குப் பிடிக்காமல் போகும், அது எல்லோருக்கும் உள்ளது. தன்னைப் பார்த்தே பொறாமைப்படுவது என்று ஒன்று இருப்பதை அவர் கேள்விப்பட்டதில்லை, அதுவும் எந்தப் பக்கத்திலிருந்து பொறாமைப்படுவது என்றே பிடிபடவில்லை, போட்டீக என்று கூப்பிடப்படுகிறவனைப் பார்த்து இவனா, கோபமில்லாத இவனைப் பார்த்து அவனா? "அனுப்பிச்சிருவமா அவரை?" என்றார். "பாவம், வயசான மனுஷன். நீங்க நல்லபடியா வந்து உக்காருத வரைக்கும் இருக்கட்டும்" என்றாள். இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. மங்கை கேட்கும்போது அடுப்படியிலேயே நின்று குரல் கொடுத்தால்? உலகு, பிள்ளைகிட்டப் பேசு என்று இங்கிருந்தே சொன்னால், இந்தா உங்கப்பா அடுப்படில என்று வாய் நிறையச் சொல்லிவிடுவாளே. ஆனால் அது கள்ளத்தனம். மங்கை விடவும் மாட்டாள், அப்பாவைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்வாள். மிச்சப் பாலை ஆற்றி எடுத்துக்கொண்டு அவர் ஹாலுக்கு வந்தார். உலகம்மாள் விரலை உதட்டில் வைத்து, "மெதுவா வாங்க. அவுக வந்துருக்காக, அடுப்படில இருக்காக" என்றாள்.

மாத்திரையை விழுங்கினாள். நாடகம் மறுபடி தொடங்கி, புது இளமாறன் கோபப்பட்டான். "பழையவனுக்குத் தாடை ஆடும். இவன் புருவத்தத் தூக்குதான். புருவத்துல எங்க கோவம் வரும்?" என்று அவள் சலித்துக்கொண்டாள். புருவத்தில் வராது என்று அவரும் சொன்னார். அவருக்கு இந்தப் பையன்மேல் இரக்கமாக இருந்தது. முதல்நாள் அந்த வாசல்படியில் ஏறும்போது இவனுக்கு என்ன தோன்றியிருக்கும்? கட்டிக்கொண்டு அழுகிற பெண்பிள்ளை யாரோ, நீட்டுகிற ஆரத்தி யாருக்கோ. போன் அடித்தபோது திரையில் அவன் அப்படியே புருவத்தைத் தூக்கியபடி உறைந்து நின்றான், தொடரும் என்று விழுந்தது. அவர் போனை எடுத்து டீப்பாயில் மாத்திரை டப்பாவின்மேல் சாய்த்துவைத்தார். இரண்டு தடவை சரிந்து விழுந்தது, நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மங்கையின் முகம் வந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், பின்னால் அவள் வீட்டு பிரிட்ஜ்.

"யம்மா, சாப்ட்டியா?"

"இனிமேதான். உன் மூஞ்சி ஏன்டி வத்திப்போயி இருக்கு? ஆபீஸ்ல நிழல்ல உக்கார விடமாட்டாகளா?"

"அதெல்லாம் விடுவாங்க. யம்மா, நான் ஒண்ணு கேப்பேன், சொல்லணும். யப்பா, நீங்க வாயத் தொறக்கக் கூடாது. அம்மா, உன் பக்கத்துல உக்காந்துருக்கது யாரு?"

உலகம்மாள் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாளில் அவரை இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நேரம் அவள் பார்க்கவில்லை. நெற்றி, கண், கன்னத்து மரு, மேலுதடு. மேலுதட்டில் வந்து நின்றாள். கை வைத்து மறைத்துக்கொள்ளலாமா என்று அவருக்குத் தோன்றியது, மறைக்கவில்லை. அவள் கண்ணில் நெருப்புக்கு முன்னால் மஞ்சள் துணியோடு உட்கார்ந்திருந்த பதினெட்டு வயசுப் பெண்ணின் அதே கண்ணைத் தேடினார், அன்றைக்கும் இப்படித்தான் யாரோ ஒருவனைப் பார்ப்பதுபோல ஓரக்கண்ணால் பார்த்தாள், அன்றைக்கும் யாரோ ஒருவன்தானே. தெரியாதவளாகத்தானே வந்தாள். பழகித்தானே போனாள். பழகிரும் என்றாளே. சொல்லு உலகு. ஒரு தடவை சொல்லிவிடு.

"என்னடி கேள்வி இது, கூறுகெட்டவளே" என்றாள் உலகம்மாள். "உங்கப்பா."

மங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். "பேரு? அப்பா பேரு சொல்லும்மா."

"புருஷன் பேரச் சொல்லச் சொல்லுதா. இதத்தான் படிக்க வச்சீகளா?"

வச்சீகளா. முகத்தைப் பார்த்து, கண்ணைப் பார்த்து, சுவரில்லாமல், வச்சீகளா. மங்கை அழுதுகொண்டே சிரித்தாள். "மீசை எங்கம்மா அவருக்கு?" என்றாள். "எடுத்துட்டாக, அரிப்பாம். திரும்ப வளரட்டும், அழகாத்தான் இருக்கும்." "சரிம்மா. நான் ஞாயித்துக்கிழமை வரல. அடுத்த மாசம் லீவு போட்டுட்டு வாரேன். யப்பா, பாத்துக்கிடுங்க" என்றாள் மங்கை. அவர் தலையை ஆட்டினார். பேச்சு முடிந்து கருத்த போன் திரையில் இரண்டு பேரும் சேர்ந்து கொஞ்ச நேரம் தெரிந்தார்கள். அவர் கையை நீட்டி அவள் கையைப் பிடித்தார். "உலகு. உலகு, என்னைத் தெரிஞ்சிருச்சா?"

அவள் கையை உருவிக்கொண்டாள், முரட்டுத்தனமாக அல்ல, பஸ்ஸில் தெரியாமல் பட்டுவிட்ட கையை எடுப்பதுபோல. "வச்சிட்டாளா? நல்லா செஞ்சீங்க" என்றாள். செஞ்சீங்க. "எனக்குத்தான் பயமா இருந்துச்சு, நீங்க எதையாவது உளறிருவீங்களோன்னு."

"அப்பம் நீ சொன்னது?"

"பின்ன என்ன சொல்லுவேன்? ஆளு மாறுனா வீட்டுல உள்ளவுக காட்டிக்கிடலாமா? பிள்ளை மனசு என்னாகும்? வெளியூர்ல ஒத்தையில கெடக்கா" என்றாள். பிறகு அவர் முகம் போன போக்கைப் பார்த்து, மட்டமாக நடித்தாலும் பையன் உழைக்கிறான் என்று விட்டுக்கொடுக்கிற குரலில், "உங்களையும் அனுப்பிச்சிருப்பா. எங்க போவீங்க இந்த வயசுல?" என்றாள்.

தெரியாத கிழவன் ஒருவனுக்காக அவள் பெற்ற மகளிடம் பொய் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கார் வராது. கேட்டது கிடைத்துவிட்டது, கோமதிநாயகம், இனி என்ன?

"ஒண்ணே ஒண்ணு" என்றாள் உலகம்மாள். "அவுக வந்துட்டா நீங்க கெளம்பிரணும். மனசு சங்கடப்படக் கூடாது."

"கெளம்பிர்றேன்" என்று அவர் எழுந்து நின்றார்.

"சங்கடப்பட மாட்டீங்கள்ல?"

"மாட்டேன்."

அவள் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு சோபாவில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். "அதுவரைக்கும் உக்காருங்க. எட்டு மணி நாடகம் போடப்போறான்" என்றாள். பாட்டு தொடங்கியது, வேறு குடும்பம், வேறு மாடிப்படி. அவர் உட்காரப் போனார். எவ்வளவு தள்ளி உட்கார்ந்தால் அவளுக்குச் சரியாக இருக்கும் என்று தெரியாமல், சோபாவின் கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.